உறங்கி எழும் திரைகள்: டாக்கிங் ஸ்டேஷனுடன் மூன்று ஆண்டுகள்

சென்ற வாரம் நண்பர் ஒருவர், "இரண்டு மானிட்டரையும் மடிக்கணினியையும் ஒரே டாக்கில் இணைத்து வேலை பார்க்கிறீர்களே, நானும் ஒன்று வாங்கலாமா?" என்று கேட்டார். டாக் என்பது டாக்கிங் ஸ்டேஷனின் சுருக்கம், மடிக்கணினியுடன் பல கருவிகளை ஒரே கேபிளில் இணைக்கும் பெட்டி. மூன்று ஆண்டுகளாக நாள் தவறாமல் பயன்படுத்திவரும் அந்தக் கருவியைப் பற்றி ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் கூற என்னால் இயலவில்லை. அதனால் அவருக்காகவும், இதே கேள்வியுடன் இருக்கும் மற்றவர்களுக்காகவும் நிதானமாக எழுதுகிறேன்.

நான் மெய்ப்புத் திருத்துபவன். இடப்பக்க மானிட்டரில் கையெழுத்துப் படியின் நகல், வலப்பக்க மானிட்டரில் பக்கம் கட்டிய வடிவம், நடுவில் தாழ்வாக இருக்கும் மடிக்கணினித் திரையில் அகராதியும் மின்னஞ்சலும் என்பது என் மேசையின் அமைப்பு. இரண்டு மானிட்டர்களும் 27 அங்குலம், ஒரே மாடல், 2560×1440 புள்ளிகள். ஒரு வரியை இடப்பக்கம் படித்துவிட்டுக் கண்ணை வலப்பக்கம் திருப்பினால் அதே வரி அதே உயரத்தில் நிற்க வேண்டும். அப்படி நிற்கும்படி சாளரங்களை ஒழுங்குபடுத்துவதற்கே காலையில் கொஞ்ச நேரம் செலவாகும் என்பதால், அவை இருந்த இடத்தில் இருப்பது எனக்கு வசதி சார்ந்த விஷயம் மட்டுமல்ல, வேலையே அதை நம்பித்தான் நடக்கிறது.

டாக் தரும் நன்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். மின்சாரம், இரண்டு மானிட்டர்கள், கம்பிவழி இணையம், விசைப்பலகை, வெளிவட்டு ஆகிய அனைத்தும் ஒரே யூ.எஸ்.பி.-சி கேபிளில் வந்து சேர்கின்றன. வெளியே கிளம்பும்போது ஒன்றைப் பிடுங்கினால் போதும், திரும்பி வந்ததும் ஒன்றைச் செருகினால் போதும். முன்பு ஐந்து கேபிள்களைத் தினமும் இரண்டு வேளை கழற்றி மாட்டியதில் என் பழைய மடிக்கணினியின் எச்.டி.எம்.ஐ. துளையே தளர்ந்துபோனது. அந்த அலுப்பு இந்த மூன்று ஆண்டுகளில் ஒருநாள்கூட இல்லை. கம்பிவழி இணையம் ஒருமுறையும் அறுந்ததில்லை, மின்னூட்டத்திலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மானிட்டர்களின் கணக்குதான் வாங்குபவர் பலரும் பார்க்கத் தவறுவது. யூ.எஸ்.பி.-சி இணைப்பில் அதிவேகத் தடங்கள், அதாவது தரவு ஓடும் கம்பி ஜோடிகள், நான்கு. டாக்கில் வேகமான யூ.எஸ்.பி. துளைகளும் வேண்டுமென்றால் இரண்டு தடங்கள் தரவுக்குப் போய்விடும், மீதி இரண்டுதான் படத்துக்கு. மானிட்டருக்குப் படம் அனுப்பும் முறையான டிஸ்ப்ளேபோர்ட்டின் 1.2 தரத்தில் இவ்விரு தடங்களில் உண்மையில் செல்லக்கூடியது நொடிக்கு 8.64 ஜிகாபிட். 1.4 தரத்தில் அது 12.96 ஆகிறது. 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பித்து, ஓடும் 1080 வரி மானிட்டர் ஒன்றுக்குச் சுமார் 3.3 ஜிகாபிட்டும், 1440 வரி மானிட்டருக்குச் சுமார் 5.8 ஜிகாபிட்டும், 4கே மானிட்டருக்கு 12.5 ஜிகாபிட்டுக்குச் சற்று மேலும் தேவை. ஆகவே என்னுடைய இரண்டு மானிட்டர்களும் புதிய தரத்தில் சிரமமில்லாமல் அடங்குகின்றன, பழைய தரத்தில் அடங்கமாட்டா. இரண்டு 4கே மானிட்டர்களோ, படத்தைச் சுருக்கி அனுப்பும் டி.எஸ்.சி. வசதி மடிக்கணினி, டாக் இரண்டிலும் இல்லாவிட்டால், இந்த வகை டாக்கில் 60 ஹெர்ட்ஸில் ஓட வழியே இல்லை. அட்டைப்பெட்டியில் 'இரட்டை 4கே' என்று பெரிதாக அச்சிட்டுவிட்டு, பக்கவாட்டில் சிறிய எழுத்தில் 30 ஹெர்ட்ஸ் என்று குறிப்பிடும் பழக்கம் எனக்குக் கடுங்கோபத்தை உண்டாக்குகிறது. 30 ஹெர்ட்ஸில் சுட்டி நகர்வது பார்வைக்கே உறுத்தும். நாள் முழுவதும் எழுத்தைப் பார்ப்பவருக்கு அது எந்த வகையிலும் ஏற்றதன்று.

இரண்டாம் ஆண்டில் வலப்பக்க மானிட்டர் அவ்வப்போது இரண்டு நொடி கறுத்துத் திரும்பத் தொடங்கியது. சில சமயம் திரும்பி வரும்போது எழுத்துகள் மங்கிப் பெருத்துத் தெரியும், அதாவது குறைந்த பிரிதிறனில் வந்திருக்கும். மானிட்டரைச் சந்தேகித்தேன், இரண்டையும் இடம் மாற்றிப் பார்த்தேன், டாக்கைப் பழுதுபார்க்க அனுப்பினேன். பழுது எதுவுமில்லை என்று பன்னிரண்டு நாள் கழித்து அது திரும்பி வந்தது. அந்த இடைவெளியில் ஒற்றைத் திரையில் வேலை பார்த்தபோதுதான் இந்த அமைப்பை எந்த அளவுக்குச் சார்ந்துவிட்டேன் என்பது தெரிந்தது. இறுதியில் குற்றவாளி டாக்குடன் வந்த கேபிள். தினமும் செருகிப் பிடுங்கியதில் அதன் முனை தேய்ந்திருந்தது. தடம் ஒன்றுக்கு 8.1 ஜிகாபிட் வேகத்தில் ஓடும் சமிக்ஞையை அது தாங்காமல் தடுமாற, இணைப்பு தன்னைத்தானே ஒரு படி கீழே இறக்கிக்கொண்டது. இறக்கிக்கொண்டால் கிடைப்பது அந்த 8.64 ஜிகாபிட்தான். அதில் இரண்டு மானிட்டரின் முழுப் பிரிதிறனுக்கும் இடமில்லை என்பதால் ஒன்று கறுத்தது, அல்லது மங்கியது. கணக்கு தெரிந்தபின் மாதக்கணக்கான குழப்பம் ஒரே கணத்தில் விளங்கியது.

அவசரத்துக்கு வீட்டில் கிடந்த இரண்டு மீட்டர் யூ.எஸ்.பி.-சி கேபிளைச் செருகியபோது மடிக்கணினி மின்னூட்டம் பெற்றது, மானிட்டர்கள் உயிர்பெறவே இல்லை. மின்னூட்டத்துக்கென்று வரும் கேபிள்கள் பலவற்றில் அதிவேகத் தடங்களுக்கான கம்பிகளே இருப்பதில்லை, முனையை மட்டும் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதோடு, உள்ளே அடையாளச் சில்லு இல்லாத கேபிள் 3 ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் பெறாது, அதாவது அதிகபட்சம் 60 வாட். எல்லா வசதியும் கொண்ட 0.8 மீட்டர் கேபிள் ஒன்றை வாங்கி மாட்டினேன். அன்றுமுதல் ஒருமுறைகூடத் திரை கறுக்கவில்லை. கேபிள் டாக்குடனேயே நிரந்தரமாக இணைக்கப்பட்ட மாடலை வாங்கியிருந்தால் முழு டாக்கையும் கைவிட நேர்ந்திருக்கும். ஆகையால் கேபிளைக் கழற்றி மாற்றக்கூடிய டாக்கையே தேடுங்கள் என்பதை அழுத்தமாகச் சொல்கிறேன்.

இனி, மூன்று ஆண்டுகளாகத் தீராத குறைக்கு வருகிறேன். எழுந்துபோய்ப் பத்து நிமிடம் கழித்து வந்தால் திரைகள் உறங்கியிருக்கும். சுட்டியை அசைத்ததும் அவை விழித்துக்கொள்ளும், ஆனால் சாளரங்கள் இருந்த இடத்தில் இரா. ஏழு சாளரங்களும் மடிக்கணினியின் சிறிய திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். பக்கம் கட்டிய கோப்பு குறுகிப்போய், நான் வைத்திருந்த உருப்பெருக்க அளவும் மாறியிருக்கும்.

காரணம் தெரியாத கோளாறன்று இது. மானிட்டர் செருகப்பட்டிருக்கிறதா என்பதைக் கணினிக்குத் தெரிவிக்க டிஸ்ப்ளேபோர்ட்டில் தனிச் சமிக்ஞை ஒன்று உண்டு. பல மானிட்டர்கள் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும்போது அந்தச் சமிக்ஞையையும் சேர்த்து நிறுத்திவிடுகின்றன. மானிட்டர் உறங்குகிறது என்று கணினி எண்ணுவதில்லை, கேபிளையே யாரோ பிடுங்கிவிட்டார்கள் என்று எண்ணுகிறது. திரையே இல்லாத இடத்தில் சாளரம் இருக்கக்கூடாது என்பதால் எல்லாவற்றையும் மிச்சமுள்ள ஒரே திரைக்கு அழைத்துக்கொள்கிறது. 2021-இல் வெளிவந்த விண்டோஸ் 11, மானிட்டர் திரும்பியதும் சாளரங்களைப் பழைய இடத்துக்கே அனுப்பும் அமைப்பைக் கொண்டுவந்தது, அது பெரிய உதவி. ஆனால் நடுவில் டாக் இருக்கும்போது மானிட்டர்கள் ஒருசேர எழுவதில்லை, ஒன்று முன்னும் மற்றொன்று சில நொடிகள் பின்னுமாக எழுகின்றன. இரண்டும் ஒரே மாடலாகவும் இருந்துவிட்டால், இடப்பக்கம் இருக்க வேண்டியது வலப்பக்கம் போய்ச் சேருவதும் என் மேசையில் பலமுறை நிகழ்ந்திருக்கிறது.

நான் முயன்று பார்க்காத வழியில்லை. மானிட்டரின் அமைப்புகள் பட்டியலுக்குள் சென்று ஆழ்ந்த உறக்கத்தை அணைத்தேன், பாதிப் பயன் கிடைத்தது. டாக்கினுள் இயங்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்தேன், அதன்பின் மானிட்டர்கள் எழும் நேரம் குறைந்தது. இடப்பக்க மானிட்டரை எச்.டி.எம்.ஐ. துளைக்கு மாற்றியதுதான் கண்கூடான மாற்றத்தைத் தந்தது: அது உறங்கும்போதும் தொடர்பை விடுவதில்லை, இடவலக் குழப்பமும் அதோடு நின்றது. என் டாக்கில் எச்.டி.எம்.ஐ. துளை ஒன்றுதான் இருக்கிறது. ஆகவே வலப்பக்க மானிட்டர், அதாவது நான் திருத்தவேண்டிய பக்கம் இருக்கும் அதே மானிட்டர், இன்னமும் காணாமல்போய்த்தான் திரும்புகிறது. திரை அணையாமலே வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். ஆளில்லாத அறையில் மூன்று திரைகளை எரியவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது சிறியதுதான் என்றாலும் இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். கம்பியில்லாச் சுட்டியின் சிறு ரிசீவரை டாக்கின் பின்புறம், வெளிவட்டுக்கு அருகில் செருகியிருந்தேன், சுட்டி திக்கித் திக்கி நகர்ந்தது. யூ.எஸ்.பி. 3.0 இணைப்புகள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் எழுப்பும் என்பதை இன்டெல் நிறுவனம் 2012-இலேயே ஆவணப்படுத்தியிருக்கிறது. ரிசீவரை ஒரு நீட்டிப்புக் கேபிளில் தள்ளி வைத்ததும் அது சரியாகிவிட்டது.

நண்பரின் கணினி மேக்புக் என்பதால் அவருக்குத் தனியாக ஒன்று. என்னுடையதுபோன்ற டாக்குகள் ஒரே டிஸ்ப்ளேபோர்ட் சமிக்ஞையை எம்.எஸ்.டி. என்ற முறையில் இரண்டு மானிட்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. விண்டோஸ் இதை ஏற்கிறது, மேக்ஓஎஸ் இவ்வகையில் திரைகளை விரிப்பதில்லை, ஆகவே இரண்டு மானிட்டரிலும் ஒரே படம்தான் தெரியும். அவருக்குத் தேவை, இரண்டு மானிட்டர்களின் சமிக்ஞைகளையும் தனித்தனியே கொண்டுசெல்லும் அதிவேக இணைப்பான தண்டர்போல்ட் வகை டாக். அதிலும் அடிப்படை எம்1, எம்2 சில்லுகள் கொண்ட மேக்புக்குகள் வெளித்திரை ஒன்றையே இயக்கும். டிஸ்ப்ளேலிங்க் வகை டாக்கில் மென்பொருள் நிறுவி இந்த எல்லையைக் கடக்கலாம். ஆனால் படத்தைக் கணினியே சுருக்கி அனுப்ப வேண்டியிருப்பதால் செயலிக்குச் சுமை கூடும், பதிப்புரிமைக் காப்பு உள்ள காணொளிகள் கறுப்பாகத் தெரியவும் கூடும்.

இவ்வளவும் எழுதிய பிறகு நண்பருக்கு என்ன பதில்? என் டாக் நாளை பழுதானால் நான் வேறொன்றை வாங்கவே செய்வேன், அந்த ஒற்றைக் கேபிள் வாழ்க்கையை விட்டுக்கொடுக்க என்னால் முடியாது. ஆனால் இன்று காலை 112-ஆம் பக்கத்தின் நடுவில் கதவு தட்டும் சத்தம் கேட்டு எழுந்துபோனேன். திரும்பி வந்தபோது வலப்பக்கம் வெறுமையாக இருந்தது. கோப்பைத் தேடி எடுத்து, அளவைச் சரிசெய்து, விட்ட வரியைக் கண்டுபிடிக்க முடியாமல் அந்தப் பக்கத்தை முதலிலிருந்து படித்தேன். நண்பர் என்னைவிட அதிகமாக மேசையை விட்டு எழுந்து நடப்பவர். ஆகையால் அவருக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். பெரிய மானிட்டர் ஒன்றை யூ.எஸ்.பி.-சி கேபிளில் நேராக மடிக்கணினியுடன் இணைத்துக்கொண்டு ஆறு மாதம் வேலை பார்க்கட்டும். அதற்குப் பிறகும் இரண்டாவது மானிட்டர் வேண்டுமென்று தோன்றினால், எச்.டி.எம்.ஐ. துளை இரண்டு இருக்கும் தண்டர்போல்ட் டாக் ஒன்றைச் சேர்ந்தே தேடுவோம்.