பழைய படகுப் பாய்க்குப் புதுத் தையல்: 640 பவுண்டு போன கதை

இங்கிலாந்தின் தென்கரையில் பழைய பாய்மரப் படகு வைத்திருக்கும், அல்லது வாங்க யோசிக்கும் நண்பர்களுக்காக இந்தப் பதிவு. இலையுதிர் காலம் வந்ததும் படகைக் கரையேற்றிப் பாய்களைக் கழற்றிவிடுவோம். "கழுவித் தைத்துப் புதுசு போல ஆக்கித் தருகிறோம்" என்று பாய் தைக்கும் பட்டறைகள் விளம்பரம் செய்வதும் அப்போதுதான். போன குளிர்காலத்தில் அப்படி ஒரு பட்டறைக்கு 640 பவுண்டு கொடுத்தேன். பணத்தகராறு இன்னும் முழுதாக முடியவில்லை, அதனால் பெயரை எழுதப்போவதில்லை. என்ன செய்தார்கள் என்பதைச் சொல்கிறேன்.

படகு ஒரு வெஸ்டர்லி சென்டார், 26 அடி. 1969 முதல் 1980 வரை இந்த வகையில் 2,400-க்கும் மேல் கட்டினார்கள். இரட்டை அடிக்கட்டை இருப்பதால் கடல் வற்றும்போது சேற்றில் நேராக உட்கார்ந்துகொள்ளும். போர்ட்ஸ்மத், சிச்செஸ்டர் பக்கம் இன்றும் நிறையப் பார்க்கலாம். சில ஆயிரம் பவுண்டுக்குக் கிடைத்துவிடும். தலைவலியும் அங்கேதான். மெயின்செயில் (கம்பத்துக்குப் பின்னால் ஏற்றும் முக்கியப் பாய்), ஜெனோவா (முன்பாய்) இரண்டையும் நல்ல இடத்தில் புதிதாகத் தைத்தால் படகு விலையில் பாதியைத் தொட்டுவிடும். யாராவது "எதற்குப் புதுசு, இதையே சரி செய்துவிடலாம்" என்றால் மனம் உடனே அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும்.

என் ஜெனோவா, அதாவது முன்பக்கம் சுருட்டி வைக்கும் பெரிய பாய், இருபது வருடத்துக்கு மேல் பழையது. பட்டறையில் ஒப்படைக்கும்போதே கேட்டேன்: "துணி தாங்குமா? தாங்காது என்றால் சொல்லிவிடுங்கள், புதுசுக்கு விலை போட்டுக்கொள்ளலாம்." முன்னால் நின்றவர் பையை அவிழ்த்து மேல் மடிப்பை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல துணி, இன்னும் ஐந்து வருடம் ஓடும்" என்றார். எழுத்தில் கேட்டேன். மின்னஞ்சலில் விலைப்பட்டியல் மட்டும் வந்தது: கழுவுதல், பசை ஏற்றுதல், மறுதையல், புது யூவி பட்டை (வெயில் படும் ஓரங்களை மூடும் துணி). துணியைச் சோதித்ததாக ஒரு வரி கூட இல்லை. தொலைபேசியில் மறுபடி கேட்டதற்கும் அதே "ஐந்து வருடம்".

ஏப்ரலில் பாய் திரும்பி வந்தது. வெள்ளை வெளேரென்று, விறைப்பாக, கையில் எடுத்தால் சரசரத்தது. பார்த்தவர்கள் எல்லாரும் புதுசா என்றுதான் கேட்டார்கள்.

வைட் தீவுக்கும் கரைக்கும் நடுவே உள்ள சோலன்ட் நீர்ச்சந்தியில் மேற்குக் காற்றை எதிர்த்து யார்மத் பக்கம் போக முயன்றபோதுதான் முதல் சந்தேகம். நீரோட்டம் எங்களுக்குச் சாதகமாக இருந்தது, காற்றும் மிதம். ஆனாலும் படகு முன்னே போவதை விடப் பக்கவாட்டில் நழுவுவதுதான் அதிகம். இன்னொரு சென்டார், எங்களுக்குப் பின்னால் கிளம்பியது, எங்களை விடக் காற்றுக்கு நெருக்கமாகப் பிடித்துக்கொண்டு சாவகாசமாகத் தாண்டிப் போனது. அப்புறம் மே மாதம் கௌஸ் அருகே காற்று பியூஃபோர்ட் காற்று அளவில் 5 ஃபோர்ஸைத் தொட்டது. நாங்கள் பாயைப் பாதி சுருட்டியிருந்தோம். திசை மாற்றித் திரும்பும்போது ஜெனோவா இரண்டு தடவை படபடவென்று அடித்தது, அவ்வளவுதான். பின்விளிம்பு மேலிருந்து கீழாகக் கிழிந்து தொங்கியது. நேர்க்கோட்டில், புதுத் தையலை ஒட்டியே. எஞ்சினைப் போட்டு வீடு வந்து சேர்ந்தோம்.

கிழிந்த பாயை வேறொரு பட்டறைக்கு எடுத்துப் போனேன். அங்கே ஒரு பெரியவர், வாழ்நாள் முழுக்கப் பாய் தைத்தவர். பட்டைக்கு அடியில் இருந்த துணியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். ஊசி, கத்தி எதுவும் இல்லை. கிழிந்தது. அதே பாயின் நடுப்பகுதியை இழுத்தார், கிழியவில்லை. "இதில் தைத்தவருக்கு ஊசி உள்ளே போகும்போதே தெரிந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

அவர் விளக்கியது இதுதான். சுருட்டி வைக்கும் பாயில் பின்விளிம்பும் அடிவிளிம்பும் மட்டும்தான் வருடம் முழுக்க வெயிலில் வெளியே தெரியும். அதை மூடத்தான் யூவி பட்டை. பழைய பட்டை வெளுத்து நைந்து பல வருடம் ஆகியிருந்தால் வெயில் உள்ளே இறங்கி அடித்துணியை அரித்திருக்கும். அங்கே பழைய தையலைப் பிரித்து அதே ஓரத்தில் புதுப் பட்டையை மறுபடி தைக்கும்போது இன்னொரு வரிசைத் துளை விழுகிறது. நூல் புதுசு, பலமானது. துணிதான் செத்துப்போயிருக்கிறது. காற்று வேகமாக அடித்தால் நூல் அறாது, துளை வரிசையோடு துணி பிரியும்.

கழுவிப் பசை ஏற்றுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கண்ணை ஏமாற்றுவது அதுதான். பாலியஸ்டர் பாய்த்துணியை ஆலையில் நெருக்கமாக நெய்து, பிசின் ஏற்றி, சூட்டில் இறுக்குவார்கள். குறுக்கே இழுத்தால் இழைகள் நகராமல் பிடித்து வைப்பது அந்த நெருக்கமும் பிசினும் சேர்ந்துதான். வருடக்கணக்கில் படபடத்து, மடிந்து, பிசின் உதிர்ந்து, இழைகள் இடம் மாறிவிட்டால் பாயின் வயிறு, அதாவது காற்றில் அது வளையும் வளைவு, ஆழமாகிப் பின்னால் தள்ளிப் போய்விடும். காற்றை எதிர்த்துப் போக முடியாததற்கும், படகு அதிகம் சாய்வதற்கும் இதுதான் காரணம். அப்புறம் மேலே எந்தப் பசையை ஏற்றினாலும் பழைய வேட்டிக்குக் கஞ்சி போட்ட கதைதான். விறைக்கும், வடிவம் திரும்பாது. பெரிய இயந்திரத்தில் போட்டுப் புரட்டிக் கழுவினால் மிச்சமிருக்கும் பிசினும் போய்விடும். பூஞ்சைக் கறைக்குப் பயந்து இதற்குக் காசு கொடுக்காதீர்கள். பூஞ்சை பாலியஸ்டர் இழையைத் தின்னாது, பார்வைக்குத்தான் அசிங்கம். வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு, புல்தரை, மென்மையான பிரஷ் போதும். பிளீச் போடுவதானால் நைலான் ஸ்பின்னேக்கர் (பின்காற்றுக்கு விரிக்கும் பலூன் போன்ற பாய்) பக்கம் மட்டும் கொண்டுபோகவே கூடாது.

பாலியஸ்டர் இழையை 1941-இல் விண்ஃபீல்ட், டிக்சன் என்ற இருவர் கண்டுபிடித்தது இங்கேதான், இங்கிலாந்தில். அதற்கு முன் பருத்திப் பாய். ஈரத்தோடு மடித்து வைத்தால் மக்கிவிடும், எனவே யாரும் அசட்டையாக இருக்க முடியாது. பாலியஸ்டர் மக்காது என்பதால் அது சாகாது என்று ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. இந்த மாதிரிப் பட்டறைகள் பிழைப்பது அந்த நம்பிக்கையில்தான் என்பது என் கருத்து.

அதற்காகச் சீரமைப்பே ஏமாற்று என்று சொல்லவில்லை. என் மெயின்செயிலும் ஜெனோவாவின் வயதுதான். ஆனால் இறக்கியதும் பூம் (பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் கட்டை) மேல் உறை போட்டு மூடுவதால் வெயில் படவில்லை. பெரியவர் அதன் தையலைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திச் சுரண்டினார், நூல் பொடிப்பொடியாக வந்தது. நூல் துணிக்கு மேலே எழும்பி நிற்பதால் வெயிலும் உரசலும் முதலில் தாக்குவது அதைத்தான். துணியை மேல்முனையிலும், பின்விளிம்பிலும், பாயை விறைப்பாக வைக்கும் பேட்டன் குச்சி நுழையும் பைகளின் ஓரத்திலும் இழுத்துப் பார்த்தார். கெட்டியாக இருந்தது. "இதற்கு மறுதையல் போடலாம். வயிறு கொஞ்சம் ஆழம், முன்விளிம்பில் சற்று வெட்டி எடுக்கிறேன், பழைய வேகத்தை மட்டும் எதிர்பார்க்காதே" என்றார். அந்த வேலை இந்தப் பருவம் முழுக்க நன்றாகவே இருந்தது. ஜெனோவாவைப் புதிதாகத்தான் தைக்கச் சொன்னேன்.

எனவே பட்டறைக்குக் கொடுப்பதற்கு முன் நகத்தால் சுரண்டுவதையும் கையால் இழுப்பதையும் நீங்களே செய்துவிடுங்கள். சுருட்டும் பாய் என்றால் யூவி பட்டையின் ஓரத்தில் ஓரிடத்தைப் பிரித்து உள்ளே இருக்கும் துணியைக் கட்டாயம் பாருங்கள். வடிவத்துக்கு, காற்றை எதிர்த்துப் போகும்போது பாயின் அடியில் நடுவில் படுத்துக்கொண்டு மேல்நோக்கிப் படம் எடுங்கள். வளைவின் ஆழமான இடம் முன்விளிம்பிலிருந்து பாதி தூரத்தையும் தாண்டிப் பின்னால் இருந்தால், கழுவிப் பசை போடுகிறேன் என்பவரிடம் அந்தப் படத்தைக் காட்டி இது மாறுமா என்று கேளுங்கள். துணியைச் சோதித்தோம், தையல் தாங்கும் என்று எழுதித் தர மறுக்கும் இடத்தில் பையை அவிழ்க்கவே வேண்டாம்.

புதுசு வாங்கும்போதும் துணியின் பெயரையும் எடையையும் எழுத்தில் வாங்குங்கள். சிலர் கிராமில் சொல்வார்கள், சிலர் அமெரிக்கக் கணக்கில் அவுன்ஸில் சொல்வார்கள். அந்த அவுன்ஸ் 28.5 அங்குல அகலமும் 36 அங்குல நீளமும் கொண்ட துணிக்கானது. 7 அவுன்ஸ் என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிராம். இது தெரியாமல் இரண்டு விலைப்பட்டியலை ஒப்பிட்டால் மெல்லிய துணிதான் மலிவாகத் தெரியும்.

இனி பணம். முதல் பட்டறைக்காரர்கள் "தைக்கச் சொன்னீர்கள், தைத்தோம்" என்றார்கள். ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் "பழைய துணிக்குப் பொறுப்பல்ல" என்று அச்சிட்டிருந்ததைக் காட்டினார்கள். 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, சேவை செய்பவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும்; அந்தப் பொறுப்பை ரசீதில் ஒரு வரி எழுதித் தட்டிக்கழிக்க முடியாது. பெரியவரிடம் எழுத்தில் ஒரு கருத்து வாங்கி, படங்களோடு அனுப்பினேன். பதில் வேறு விதமாக வந்தது: "பாயைக் கொண்டு வாருங்கள், இலவசமாக அப்புறப்படுத்தித் தருகிறோம்." கொடுக்காதீர்கள். உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்தப் பாய்தான்.

கிரெடிட் கார்டில் கட்டியிருந்ததால், 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவின் கீழ் கார்டு நிறுவனத்திடம் கேட்டேன். 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டு வரையிலான விலைக்கு அது பொருந்தும். பட்டைக்கும் தையலுக்கும் கொடுத்த பணம் திரும்பி வந்துவிட்டது. கழுவியதும் பசை ஏற்றியதும் "செய்து முடித்த வேலை" என்று அந்தப் பங்கை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல்முறையீடு போட்டிருக்கிறேன்.

முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன். அதுவரை பழைய ஜெனோவா என் கராஜில்தான் இருக்கும். பிறகு யாருக்காவது பை தைக்கத் துணி வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளலாம், நடுப்பகுதி இன்னும் கெட்டிதான்.