டேப்பட் கேப் வைக்க 17 பிளேடு ஃபீலர் கேஜ்: வாங்கலாமா?

தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ டூல் கடையில் ஃபீலர் கேஜ் (சின்ன இடைவெளியை அளக்கும் மெல்லிய உலோகத் தகடுகளின் செட்) என்று கேட்டால், பெரும்பாலும் முதலில் எடுத்துப் போடுவது 20 பிளேடு செட்டைத்தான். 0.05 மி.மீ.யில் தொடங்கி 0.05 ஏற்றத்தில் 1.00 வரை போகும். 17 பிளேடு செட்டைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். அதில் 0.02, 0.03, 0.04 என்று 0.10 வரை வரிசையாக வந்து, பிறகு 0.15, 0.20 என்று தாவும். வீட்டில் பழைய ஹீரோ ஹோண்டா சிடி100 பிரித்து மாட்டுகிறவருக்கு இதுதான் சரி. மூன்று பிளேடு குறைகிறதே என்று யோசிக்க வேண்டாம். அந்த வண்டிக்கு டேப்பட் கேப் பார்க்க, அதாவது வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் (ஆடும் கைக்கும்) நடுவே இருக்கும் இடைவெளியை அளக்க, 0.10-க்கு மேல் எதுவும் பயன்படாது.

சிடி100-க்கு இன்லெட் வால்வு (பெட்ரோலும் காற்றும் உள்ளே வரும் வழி), எக்ஸாஸ்ட் வால்வு (புகை வெளியேறும் வழி) இரண்டுக்கும் கேப் 0.05 மி.மீ. 20 பிளேடு செட்டில் 0.05 போனால் அடுத்தது நேராக 0.10. 0.05 நுழைகிறது, 0.10 நுழையவில்லை என்றால், உண்மையில் கேப் 0.06-ஆ 0.09-ஆ என்று எப்படித் தெரியும்? 17 செட்டில் 0.04 தளர்வாகப் போக வேண்டும், 0.05 லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும், 0.06 நுழையவே கூடாது. கை பழகாதவர்களுக்கு இந்த மூன்று பிளேடு சோதனை பெரிய உதவி.

அளவு பார்ப்பது எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும். ஹோண்டா சர்வீஸ் புத்தகங்கள் 35 டிகிரிக்குக் கீழே என்று சொல்லும். அக்னி நட்சத்திரத்தில் டெல்டா பக்கம் மதியத்தில் நிழலிலேயே அதைத் தாண்டும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியை விடிகாலையில் திறப்பதே நல்லது. இடது பக்க மேக்னட் கவரில் (காந்தச் சக்கரத்தை மூடும் கவர்) இருக்கும் இரண்டு மூடிகளையும் கழற்றி, கிராங்கை (எஞ்சினின் சுழலும் தண்டை) இடஞ்சுழியாகத் திருப்பி, சக்கரத்தில் இருக்கும் 'டி' குறியைக் கவரின் வெட்டுக்கு நேர் வைக்க வேண்டும். டேப்பட் மூடிகளைத் திறந்து பார்க்கும்போது இரண்டு ராக்கரும் லேசாக ஆடினால் கம்ப்ரஷன், அதாவது இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலை; அப்போதுதான் அளக்க வேண்டும். ஏதாவது ஒன்று விறைப்பாக இருந்தால் இன்னொரு முழுச் சுற்று.

சிலிண்டர் படுத்த மாதிரி இருப்பதால் ஒரு டேப்பட் மூடி மேலே, எக்ஸாஸ்ட் மூடி கீழே. கீழே திறந்தால் கொஞ்சம் ஆயில் சொட்டும், தட்டு வைத்துக்கொள்ளுங்கள். இங்கேதான் செட்டின் குறை தெரிகிறது. பிளேடு அரை அங்குல அகலம், நேராக இருக்கிறது, ஓட்டையோ சின்னது. நுனி குறுகி வரும் பிளேடாகப் பார்த்து வாங்கினால் பாதித் தொல்லை தீரும். கேஸில் இருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி 0.05-ஐ மட்டும் தனியாக உருவிக்கொள்ளலாம். ரிவெட் அடித்த செட்டில் அது முடியாது, அதை வாங்கவே வேண்டாம். உள்ளே தள்ளும்போது முனை மடங்கிவிட்டால் அந்த பிளேடு முடிந்தது. நிமிர்த்தினாலும் மடிப்பு கேப்பில் சிக்கி, இறுக்கமாக இருப்பதுபோல் காட்டும்.

கேப்பைக் கூட்டிக் குறைப்பது ராக்கர் நுனியில் இருக்கும் சதுரத் தலை ஸ்க்ரூ; அதைச் சாவியால் பிடித்துக்கொண்டே, அதைப் பூட்டும் லாக் நட்டை இறுக்க வேண்டும். விட்டால் ஸ்க்ரூவும் கூடவே சுற்றி, கேப் மாறிவிடும். இறுக்கிய பிறகு மறுபடி மூன்று பிளேடையும் விட்டுப் பாருங்கள். நாற்பது வருஷத்துக்கு முந்தைய வண்டியில் இன்னொரு சிக்கல்: ஸ்க்ரூ நுனி அடிவாங்கிக் குழிந்திருக்கும். தட்டையான பிளேடு குழியின் மேல் பாலம் போட்டு உட்கார்ந்துவிடும், 0.05 என்று காட்டும், உண்மையில் கேப் அதைவிட அதிகம். அளவு சரி, சத்தம் மட்டும் போகவில்லை என்றால் கேஜைத் திட்டாமல் ஸ்க்ரூவை மாற்றுங்கள். அந்தச் சத்தத்தை அடக்குகிறேன் என்று கேப்பைக் குறைத்தால் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டில் (அது மூடி உட்காரும் வளையத்தில்) முழுசாக உட்காராது. சூடானால் ஐடிலிங் நிற்காது, கடைசியில் வால்வு கருகும். டக்டக் என்று கொஞ்சம் கேட்டாலும் ஓடும். இறுக்கிய டேப்பட்தான் செலவு வைக்கும்.

பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் செட் தேவையே இல்லை. அதற்கு எஞ்சின் ஆறியபோது கேப் பூஜ்யம்; புஷ் ராடு (வால்வைத் திறக்க ராக்கரைத் தள்ளும் கம்பி) விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது, அவ்வளவுதான்.

வாங்கும்போது 0.02-ஐயும் 0.03-ஐயும் துடைத்து ஒன்றாகச் சேர்த்து, தெரிந்த லேத் பட்டறையில் மைக்ரோமீட்டரில் பிடித்துப் பாருங்கள். தனி 0.05 காட்டும் அளவையே காட்ட வேண்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் மாதிரி உப்புக்காற்று ஊர்களில் கூட வரும் பிளாஸ்டிக் உறையைத் தூக்கிப் போடுவது நல்லது, ஈரத்தை உள்ளேயே வைத்திருக்கும். ஐப்பசி மழைக்கு முன் ஒவ்வொரு பிளேடையும் பிரித்து எஞ்சின் ஆயில் தொட்ட துணியால் துடைத்து மூடுங்கள். மெல்லிய பிளேடில் துரு ஏறினால் உப்புத்தாள் போடாதீர்கள். துருவோடு அளவும் தேய்ந்துபோகும்.