சோடா வாயுவும் ஆற்று மணலும்: பிணைப்பின் வலிமையா, கட்டமைப்பா?

சோடா பாட்டிலைத் திறந்ததும் 'உஸ்' என்று வெளியேறுவது கார்பன் டை ஆக்சைடு. ஆற்று மணலில் பெரும்பகுதி சிலிக்கான் டை ஆக்சைடு. கார்பனும் சிலிக்கானும் தனிம வரிசை அட்டவணையின் 14ஆம் தொகுதியில் மேலும் கீழுமாக இருப்பவை. இரண்டுக்கும் வெளிக்கூட்டில் 4 எலெக்ட்ரான்கள். இரண்டு சேர்மங்களிலும் அணுக்கள் எலெக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் சகப்பிணைப்புதான். அப்படியிருக்க ஒன்று வாயு, மற்றொன்று கல்.

"மணலில் பிணைப்பு வலிமையானது" என்பதே மாணவர்களிடமிருந்து வழக்கமாக வரும் பதில். அது தவறு. கார்பன் டை ஆக்சைடில் ஓர் இரட்டைப் பிணைப்பை முறிக்க மோலுக்குச் சுமார் 800 கிலோஜூல் வேண்டும். மணலில் ஒரு சிலிக்கான்–ஆக்சிஜன் ஒற்றைப் பிணைப்புக்குச் சுமார் 450 போதும். தனித்தனிப் பிணைப்பாக எடுத்தால் வாயுதான் வலியது!

வேறுபாடு கட்டமைப்பில் இருக்கிறது. கார்பன் இரண்டு ஆக்சிஜன்களை இரட்டைப் பிணைப்பால் பற்றிக்கொண்டதும் அதன் கணக்கு தீர்ந்துவிடுகிறது. மூன்று அணுக்களோடு மூலக்கூறு முடிந்தது; பக்கத்து மூலக்கூறோடு இருப்பது மெலிந்த வான் டெர் வால்ஸ் ஈர்ப்பு மட்டுமே. உலர் பனிக்கட்டித் (திண்மமாக உறைந்த கார்பன் டை ஆக்சைடு) துண்டு ஒன்றைத் தட்டில் வைத்துப் பாருங்கள் (வெறுங்கையால் தொட வேண்டாம்). −78.5 டிகிரி செல்சியஸிலேயே நேராக வாயுவாகிறது, உருகி வழிவதில்லை. மேலே தவழும் வெண்புகைகூடக் காற்றிலுள்ள நீராவி குளிர்ந்து உண்டானதுதான். துண்டு முழுவதும் மறைந்த பின்னும் ஒரு சகப்பிணைப்புகூட முறிந்திருக்காது. இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன், ஏனெனில் விடைத்தாள்களில் இங்குதான் அதிகம் சறுக்குகிறார்கள்.

சிலிக்கான் அணு பெரியது. ஆக்சிஜனோடு பக்கவாட்டில் சரியாகப் பொருந்தாததால் இரட்டைப் பிணைப்பு அதற்கு லாபமில்லை. எனவே நான்கு திசைகளில் நான்கு ஆக்சிஜன்களைப் பிடிக்கிறது. ஒவ்வோர் ஆக்சிஜனும் இன்னொரு சிலிக்கானுக்குப் பாலமாகிறது. முடிவில்லாமல் நீளும் வலை. மணலில் மூலக்கூறு என்று எதுவும் கிடையாது. SiO₂ என்ற வாய்பாடு வெறும் விகிதம். உருக்க வேண்டுமானால் அந்தப் பிணைப்புகளையே உடைத்தாக வேண்டும், அதற்குச் சுமார் 1,700 டிகிரி வெப்பம் தேவை. மணலைப் பழைய கண்ணாடிச் சில்லில் வைத்துத் தேய்த்தால் கீறல் விழும்: கடினத்தை அளக்கும் மோ அளவுகோலில் குவார்ட்ஸின் (மணலிலுள்ள சிலிக்கான் டை ஆக்சைடின் படிக வடிவம்) கடினம் 7, சாதாரணக் கண்ணாடிக்குச் சுமார் 5.5.

வாயுவின் மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக நீருக்குள் நுழைந்துவிடும். மணல் அடியில் கிடக்கும். மின்சாரத்தை இரண்டுமே கடத்துவதில்லை.

பிணைப்பின் வலிமைக்கு வேலையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கார்பன் மட்டுமே கொண்ட வைரமும் தூய சிலிக்கானும் ஒரே வலையமைப்பு கொண்டவை. அங்கே கார்பன்–கார்பன் பிணைப்பு வலியது என்பதால்தான் வைரம் அத்தனை கடினமாக இருக்கிறது. ஆனால் முதலில் கட்டமைப்பைப் பார்த்துவிட்டுத்தான் வலிமைக்கு வர வேண்டும்.

இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த சான்று 1999இல் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் கிடைத்தது. கார்பன் டை ஆக்சைடைச் சுமார் 4 லட்சம் வளிமண்டல அழுத்தத்தில் நசுக்கி, லேசரால் சூடாக்கினார்கள். இரட்டைப் பிணைப்புகள் அவிழ்ந்து, ஒவ்வொரு கார்பனும் நான்கு ஆக்சிஜன்களைப் பிடித்தது. சோடாவில் குமிழியிடும் அதே வாயு, குவார்ட்ஸைப் போன்ற திண்மமாகி நின்றது.