மாதிரியைப் பார்த்தா, மனம்போனபடியா, வாய்விட்டா?

வேலூரில் முதுகலை வரலாறு படிக்கும் பிள்ளைகளுக்கு ஆய்வேடு எழுதச் சொல்லித் தருகிறேன். தலைப்பு என்றதும் பாதிப் பேர் கோட்டைப் பக்கம் திரும்பிவிடுவார்கள். முதல் வரியும் பெரும்பாலும் ஒன்றுதான்: ‘1806 வேலூர்ப் புரட்சி விடுதலைப் போரின் முன்னோடியாகக் கருதப்படுகிறது என்றால் அது மிகையாகாது.’ யார் கருதுகிறார்கள் என்று கேட்டால் பதில் வராது. அந்த வரிக்குள் எழுதுபவரைக் கொண்டுவர மூன்று வழிகளைச் செய்துபார்த்தேன்.

முதலாவது மாதிரி. நல்ல ஆய்வேடு ஒன்றைக் கொடுத்து, அந்த நடையில் எழுதச் சொல்வது. இயல் பகுப்பும் அடிக்குறிப்பும் சீராகும். பயந்த பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. ஆனால் மாதிரியில் இருக்கும் ‘குறிப்பிடத்தக்கது’ எல்லாம் கூடவே வந்துவிடும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 எழுத்துத் திருட்டு விதிப்படி, பிறர் எழுத்தோடு உள்ள ஒற்றுமை 10 சதவீதத்துக்குள் இருந்தால் தண்டனை இல்லை. அதற்காகப் ‘புரட்சி’யை ‘எழுச்சி’ ஆக்கிக்கொண்டு வருபவர்களும் உண்டு. எண் இறங்கிவிடும், வாக்கியம் இரவல்தான்.

இரண்டாவது, பத்து நிமிடம் பேனாவை எடுக்காமல் தோன்றியதை எழுதுவது. கூச்சம் போகும், சரி. தாத்தாவோடு கோட்டைக்குப் போன கதை அழகாக வரும், வாதம் வராது. ஒரு வகுப்போடு நிறுத்திக்கொண்டேன்.

மூன்றாவது, குறிப்புகளை மூடிவைத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி, அதைச் செல்போனில் பதிவது. ஒரு மாணவியின் பதிவில் இப்படி இருந்தது: “தலப்பாவுக்காகவா சார் இவ்ளோ பேரு சாவாங்க? அப்படின்னா கோட்டை மேல எதுக்கு திப்பு கொடிய ஏத்துனாங்க?” இதைத்தான் எழுத வேண்டும் என்றேன். சிப்பாய்கள் புதுவிதத் தலைப்பாகை அணிய வேண்டும் என்ற ஆங்கிலேயர் உத்தரவு, நெற்றிக் குறிக்குத் தடை, கோட்டையில் காவலில் இருந்த திப்புவின் மகன்கள் என்று எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு முறை அடித்துத் திருத்திய பிறகு வந்தது: ‘தலைப்பாகை உத்தரவும் சமயக் குறிகளுக்கு விதித்த தடையும் சிப்பாய்களைக் கொதிக்க வைத்தன. ஆனால் கோட்டையில் ஏறிய திப்புவின் கொடியை அவை மட்டும் விளக்கிவிடாது.’ இதில் ‘நான்’ எங்கும் இல்லை. அந்த ‘மட்டும்’ அவளுடையது.

என் ஓட்டு இதற்குத்தான். குறையும் இருக்கிறது: பேச்சில் சான்று நழுவும், கேட்டதை எல்லாம் பார்த்தது போலச் சொல்வார்கள். நாற்பது பேரின் பதிவை ஒருவர் உட்கார்ந்து கேட்கவும் முடியாது. அதனால் இருவர் இருவராக விடுகிறேன். கேட்பவர் குறுக்கே பேசக்கூடாது. ‘உனக்கு எப்படித் தெரியும்?’ என்று மட்டும் எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம். மாதிரி ஆய்வேட்டை அலமாரியிலிருந்து எடுப்பது அப்புறம்தான், அதுவும் அடிக்குறிப்பு எப்படிப் போடுவது என்று காட்ட.