தம்பியை இரண்டு நாள் விட்டுவிட்டு வருவது: ஏழு வருட ரெஸ்பைட் கேர் அனுபவம்

என் தம்பிக்கு இப்போது 31 வயது. ஆட்டிசம், கூடவே வலிப்பும் உண்டு. நாங்கள் இருப்பது பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை பக்கம். ரேஷன் கார்டு கேரளாவுடையது; வீட்டிலும் கடைவீதியிலும் பேச்சு தமிழ். 2018 கடைசியிலிருந்து அவனை அவ்வப்போது ஒரு தங்கல் இல்லத்தில் சில நாள் விட்டு அழைத்து வருகிறோம். முதலில் ஒரு இல்லம், 2021இலிருந்து வேறொன்று. இரண்டின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. இந்த யோசனையில் இருக்கும் குடும்பங்களுக்கு எங்கள் அனுபவம் உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ரெஸ்பைட் கேர் என்றால், வீட்டில் பார்த்துக்கொள்கிறவர் கொஞ்சம் மூச்சுவிட, அந்தப் பிள்ளையை இரண்டு நாளோ ஒரு வாரமோ வேறு ஒருவர் பொறுப்பில் விடுவது. நாள் முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிடுவான். இதை அம்மாவுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. “ஏன் கண்ணு, எஞ்சாமியக் கொண்டுபோயி ஆஸ்டல்ல தள்ளச் சொல்றியா?” என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை.

பகல் எங்களுக்குப் பிரச்சினை இல்லை. மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்காகப் பஞ்சாயத்தும், குடும்பஸ்ரீ என்ற பெண்கள் சுயஉதவிக் குழு அமைப்பும் சேர்ந்து நடத்தும் பட்ஸ் மையங்கள் கேரளாவில் 2004லிருந்து இருக்கின்றன. 18 வயது தாண்டியவர்களுக்கான பட்ஸ் மறுவாழ்வு மையத்துக்குத் தம்பி போகிறான். காலையில் வண்டி வரும், சாயங்காலம் திரும்பி வருவான்.

கஷ்டமெல்லாம் ராத்திரியில்தான். ஒரு மணிக்குத் தூங்கி நாலு மணிக்கு எழுந்துவிடுவான். எழுந்தால் கேட்டின் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு ரோட்டுக்குப் போய்விடுவான். அதனால் அம்மா தன் சேலை முந்தானையின் நுனியை அவன் சுண்டுவிரலில் சுற்றிவைத்துக்கொண்டு படுப்பார். அவன் எழுந்தால் இழுக்கும், இவர் விழித்துக்கொள்வார். எனக்கு நினைவு தெரிந்து பதினைந்து வருடம் அம்மா அப்படித்தான் தூங்கினார். தூங்கினார் என்று சொல்வதே சரியா என்று தெரியவில்லை.

2018இல் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. எனக்கு அப்போது கைக்குழந்தை. அந்த வாரம்தான் அவசர அவசரமாக இல்லம் தேடினோம். அதுதான் நாங்கள் செய்த பெரிய தப்பு. ஒரு நாள்கூட வெளியே தங்கிப் பழகாதவனை, தெரியாத இடத்தில் ஒரேயடியாக ஒன்பது நாள் விட்டோம்.

இடம் பார்க்க நன்றாக இருந்தது. டைல்ஸ் தரை, கேமரா, வாசலில் புல்வெளி. திரும்பி வந்த அன்று குளிக்க வைக்கும்போதுதான் அவனுடைய வலது கையைப் பார்த்தேன். கட்டைவிரலுக்குக் கீழே சதையில் பல் பதிந்து, பழுத்து, காய்ந்திருந்தது. அவன் தானே கடித்தது. ஒன்பது நாளில் யாரும் எங்களுக்கு ஒரு போன் செய்யவில்லை. கேட்டால், “வரும்போதே இருந்ததே” என்றார்கள்.

பிறகு அங்கே இரவுப் பணியில் இருந்த சேச்சியை ஒருநாள் பஸ்ஸில் பார்த்தேன். அவர் சொன்னதைக் கேட்டு நான் ஸ்டாப்பில் இறங்க மறந்துவிட்டேன். ராத்திரியில் தம்பி குடத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, “தண்ணி வேணுமா? தண்ணி வேணுமா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பானாம். பையன் தனக்குத் தண்ணீர் தருகிறான் என்று நினைத்து அந்தச் சேச்சி, “எனிக்கு வேண்டா மோனே, போய் உறங்ஙு” என்று ஒவ்வொரு தடவையும் அன்பாகவே சொல்லி அனுப்பியிருக்கிறார்.

ஆட்டிசம் உள்ள பலர் இப்படித்தான் பேசுவார்கள். நாம் கேட்ட கேள்வியை அப்படியே திருப்பிச் சொல்வார்கள். கேட்பதும் அதிலேயே அடங்கிவிடும். தம்பி “தண்ணி வேணுமா” என்றால் எனக்குத் தாகமாக இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சேச்சிமேல் எனக்குக் கோபம் இல்லை. சேர்க்கைப் படிவத்தில் “பேசுவாரா?” என்ற இடத்தில் ஆம் என்று டிக் போட்டது நான்தான். பதினான்கு பேருக்கு ராத்திரி ஒரே ஒரு ஆளை வைத்த நிர்வாகத்தின்மேல் மட்டும் கோபம் இன்னும் போகவில்லை.

அப்புறம் கொரோனா. பட்ஸும் மூடியது, இல்லமும் மூடியது. இரவும் பகலும் அம்மாவே பார்த்தார். அந்தக் காலத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

2021இல் கிடைத்த இரண்டாவது இடம் ஒரு பழைய ஓட்டு வீடு. ஒரு சமயத்தில் ஆறு பேருக்கு மேல் எடுப்பதில்லை. உடனே தங்க வைக்க மாட்டோம் என்றார்கள். முதல் வாரம் அம்மாவும் அவனும் போய் டீ குடித்துவிட்டு வந்தார்கள். அடுத்து அவன் மட்டும் இரண்டு மணி நேரம். பிறகு ஒரு பகல், பிறகு ஒரு ராத்திரி. இரண்டு ராத்திரிக்கு வர மூன்று மாதம் ஆனது. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, வெள்ளி சாயங்காலம் விட்டு ஞாயிறு சாயங்காலம் அழைத்து வருகிறோம். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றெல்லாம் காரணம் வேண்டாம், தேதி வந்தால் போகிறான். அம்மா முடியாமல் படுத்துவிட்ட பிறகு இடம் தேடுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எனக்குத்தான் தெரியும்.

இந்த முறை ஒரு நோட்டு எழுதிக் கொடுத்தேன். இடது பக்கம் அவன் சொல்வது, வலது பக்கம் அதன் அர்த்தம். “தண்ணி வேணுமா” என்றால் தாகம். “போலாமா” என்றால் சத்தம் தாங்கவில்லை, மிக்ஸியை நிறுத்துங்கள். கையை வாய்க்குக் கொண்டுபோனால் அதட்ட வேண்டாம், ஈரத்துணி கொடுங்கள், பிழிந்துகொண்டே இருப்பான். எனக்கு மலையாளம் எழுத வரும் என்பதால் இரண்டு மொழியிலும் எழுதினேன். வலிப்பு மாத்திரையை டப்பாவில் கொட்டிக் கொடுப்பதில்லை. ஸ்ட்ரிப்போடு, டாக்டர் சீட்டின் நகலோடு, மணியும் எழுதிக் கொடுக்கிறேன். ஒரே ஒரு வேளை மாத்திரை தவறினாலும் வலிப்பு வரக்கூடும்.

காசு விஷயம். முதலில் ஒரு நாளைக்கு 600 ரூபாய் வாங்கினார்கள், இப்போது 900. பராமரிப்பவர்களுக்குக் கேரள அரசு தரும் ஆஸ்வாசகிரணம் உதவித்தொகை மாதம் 600. அதாவது அம்மாவுடைய ஒரு மாத உழைப்புக்கான பணத்தில் ஒரு நாள் ஓய்வு வாங்க முடியாது. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளைக்கு சமர்த் என்று ரெஸ்பைட் திட்டமே இருந்தது, இப்போது அது கரௌண்டா என்ற தங்கல் திட்டத்தோடு சேர்ந்துவிட்டது. எங்களுக்கு எட்டும் தூரத்தில் அதில் இடம் கிடைக்கவில்லை. ஆனால் அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு, வருடம் ஒரு லட்சம் வரை, அவசியம் எடுத்துவையுங்கள். இல்லத்தில் அட்டையைக் கேட்பார்கள். டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு மட்டும் உள்ள பிள்ளைகள் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் வருவார்கள், இந்த அறக்கட்டளைத் திட்டங்களில் வரமாட்டார்கள்.

இன்னொன்று, எங்களுக்கு யாரும் சொல்லாதது. 18 வயது ஆனதும் அம்மா சட்டப்படி தானாகவே காப்பாளர் ஆகிவிடுவதில்லை. “ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் யார் கையெழுத்துப் போடுவது?” என்று இல்லத்தில் கேட்டபோதுதான் முழித்தோம். 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி கலெக்டர் தலைமையில் மாவட்டக் குழு ஒன்று இருக்கிறது, அங்கே விண்ணப்பித்துக் காப்பாளர் சான்றிதழ் வாங்க வேண்டும். எங்களுக்குப் பல மாதம் இழுத்தது. பிள்ளைக்கு 18 நெருங்கும்போதே ஆரம்பித்துவிடுங்கள்.

இரண்டாவது இடத்திலும் குறை உண்டு. ராத்திரி ஆண் பணியாளர் ஒருவர்தான். அவர் லீவு போட்டால் நம் தேதி ரத்து. இரண்டு தடவை பையோடு கிளம்பி நின்ற பிறகு போன் வந்தது. ஓணத்துக்கு இடமே கிடைக்காது. வீட்டுக்கு வந்த பிறகும் ஓரிரு நாள் தூக்கம் கலைந்துதான் இருக்கும்.

முதல் முறை அவன் இரண்டு ராத்திரி தங்கியபோது அம்மா அவனுடைய சட்டைகளையெல்லாம் எடுத்துத் துவைத்துக்கொண்டே இருந்தார். துவைத்ததையே மறுபடியும் துவைத்தார். அடுத்த முறை சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் படுத்தவர், விளக்கு வைக்கும்வரை எழவில்லை. பக்கத்து வீட்டு அக்கா பயந்துபோய் வந்து மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார். அதற்கடுத்த முறை பழனிக்குப் போய்வந்தார், 11 வருடத்துக்குப் பிறகு.

போன மாதம் ஞாயிறு ராத்திரி. தம்பி வந்து சாப்பிட உட்கார்ந்தான். அம்மா இரண்டாம் தடவை சோறு போடக் கரண்டியை நீட்டினார். அவன் தட்டின்மேல் கையை வைத்து, “மதி” என்றான். மலையாளத்தில் போதும் என்று அர்த்தம். அம்மாவின் கரண்டி அப்படியே நின்றது. யாரும் அவனைப் “போதுமா” என்று கேட்கவில்லை, திருப்பிச் சொல்ல எதுவும் இல்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் அன்றைக்கே எழுதினேன்: “மதி - போதும். கேட்காமலே சொல்கிறான்.”