சலாம் வரிசையா, பூத்தறையா, தோஜோவா?

புதுச்சேரியில் தற்காப்புக் கலை கற்க விரும்பும் ஒருவருக்குச் சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ளேயே ஒன்றோடொன்று ஒத்துப்போகாத தேர்வுகள் கிடைக்கின்றன. கடற்கரை மணலில் சிலம்பம், நகரின் பல தெருக்களில் கராத்தே, ஆரோவில் பக்கம் போனால் கேரளத்தின் களரிப்பயிற்றும் ஜப்பானின் ஐகிடோவும். எல்லா இடங்களிலும் உடலோடு மனமும் செம்மைப்படும் என்றே சொல்கிறார்கள். அந்தச் செம்மை பயிற்சிக்குள்ளேயே இருக்கிறதா, பயிற்சி முடிந்தபின் ஆற்றும் உரையில் மட்டும் இருக்கிறதா என்பதை வைத்தே இவற்றை ஒப்பிட வேண்டும் என்பது என் எண்ணம்.

களரியில் ஆன்மிகம் கட்டடத்திலேயே இருக்கிறது. மரபான களரி 42 அடி நீளமும் 21 அடி அகலமும் கொண்டு, தரைமட்டத்துக்குக் கீழே தோண்டப்பட்ட மண்தரை. அதன் தென்மேற்கு மூலையில் ஏழு படிகளுடன் பூத்தறை என்னும் வழிபாட்டு மேடை அமைந்திருக்கும். வலக்காலை முன்வைத்து இறங்கி, மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்த பிறகே மெய்த்தாரி என்னும் உடற்பயிற்சி தொடங்குகிறது. இது ஒரு மதத்தாருக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. கேரளத்தில் இஸ்லாமிய ஆசான்களும் தலைமுறைகளாகக் களரி நடத்தியிருக்கிறார்கள். ஆனால் மொட்டைமாடியில் நடக்கும் நகரத்து வகுப்பில் பூத்தறை ஒரு படமும் விளக்குமாகச் சுருங்கிவிடுகிறது. மண் இல்லாத இடத்தில் மண்ணைத் தொட்டு வணங்குவது வெறும் சைகையாகிவிடும்.

தோஜோ என்னும் ஜப்பானியப் பயிற்சிக்கூடத்தில் நடக்கும் ஐகிடோவின் நிலை வேறு. அதை நிறுவிய மொரிஹெய் உவெஷிபா (1883–1969) ஓமோட்டோ என்னும் ஜப்பானியப் புதுச் சமயத்தில் ஆழ்ந்த பற்றுக் கொண்டிருந்தவர். எதிராளியை வெல்வதைவிட அவரோடு இசைவதே கலையின் நோக்கம் என்று கருதி, போட்டிகளை விலக்கிவைத்தார். ஆகவே இங்கே ஆன்மிகம் வழிபாட்டு வடிவில் இல்லாமல் பயிற்சி முறையாகவே இருக்கிறது: ஒருவர் தாக்க, மற்றவர் எறிய, பிறகு இருவரும் இடம் மாறுகிறார்கள், எறிகிறவரே அடுத்த முறை விழவும் வேண்டும். விழக் கற்பதே பாதிப் பயிற்சி என்பதால் மற்றவர் உடலுக்கு நாம் பொறுப்பு என்ற உணர்வு தானாகவே வருகிறது. இதன் குறையும் இதே இடத்தில்தான் இருக்கிறது. எதிர்ப்பே காட்டாத துணையை ஆண்டுக்கணக்கில் எறிந்துகொண்டிருப்பவர், தம் திறமையைப் பற்றியும் மன அடக்கத்தைப் பற்றியும் எளிதில் ஏமாந்துபோகலாம். தோல்வியைச் சந்திக்காத பணிவு எவ்வளவு உறுதியானது என்பது சோதிக்கப்படாமலே நின்றுவிடுகிறது.

கராத்தே இதற்கு எதிர்த்திசையில் நகர்ந்திருக்கிறது. ஃபுனகோஷி கிச்சின் ஒக்கினாவாத் தீவிலிருந்து ஜப்பானின் பெருநிலத்துக்குக் கொண்டுவந்து பரப்பிய கலை, 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இடம்பெற்று, 2024 பாரிஸில் இல்லாமல் போனது. ‘பழைய ஆன்மிகத்தை விளையாட்டு கெடுத்துவிட்டது’ என்று புலம்புவோர் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். ஜப்பானியப் போர்க்கலைகளின் தலைமை அமைப்பு ‘நுட்பம்’ என்ற பொருள் தரும் ‘ஜுட்சு’வை விட்டு, ‘வழி’ என்ற பொருள் தரும் ‘டோ’வை முறையாக ஏற்றது 1919-இல்தான். ஜூடோ 1882-லேயே அந்தப் பெயருடன் பிறந்துவிட்டது என்றாலும், இந்த மெய்யியல் மேலாடையில் பெரும்பகுதி நாம் நினைப்பதுபோல் பல நூற்றாண்டுப் பழமை கொண்டதன்று. பழமையை மட்டும் வைத்து ஒரு வகுப்பின் ஆழத்தை அளக்க முடியாது. பெல்ட்டுக்குப் பெல்ட் தேர்வுக் கட்டணம் வாங்குவதே முதன்மையாகிவிட்ட வகுப்பில், குனிந்து வணங்கும் ‘ரெய்’ வருகைப்பதிவுக்குச் சமம்.

புதுச்சேரிக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 1949-இல் இங்குள்ள ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமம் தொடங்கிய உடற்கல்விக் காலாண்டிதழுக்காக அரவிந்தர் எழுதிய கட்டுரைகள் அவருடைய இறுதிக்கால உரைநடையில் சேர்கின்றன. உடலை விலக்கிவிட்டு யோகம் முழுமையடையாது என்பது அவற்றின் அடிப்படை.

எனக்கு நெருக்கமான சிலம்பம் இவை அனைத்திலும் குறைவாகப் பேசும் கலை. கம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, ஆசானுக்கும் அவைக்கும் சலாம் வரிசை போட்டுவிட்டு ஆட்டம் தொடங்கும். அந்த வணக்கத்தின் பெயரே அரபுச் சொல்லாக இருப்பதும், அதே வரிசை மாசி மகத்துச் சாமி ஊர்வலத்துக்கு முன்னால் ஆடப்படுவதும் யாருக்கும் முரணாகத் தோன்றுவதில்லை. கொள்கை விளக்கம் கிடையாது. கால்வரிசை சரியாக வரும்வரை வீச்சுக்குப் போகவிடாத ஆசானின் பிடிவாதமே பொறுமையைக் கற்பிக்கிறது. கம்பு நுனி தொட்டால் புள்ளி என்னும் போட்டியில் தோல்வியும் உண்டு என்பதால், ஐகிடோவில் நான் கண்ட குறை இங்கே இல்லை. ஆனால் அண்மைக் காலமாகச் சாதனைச் சான்றிதழுக்காகப் பிள்ளைகளைப் பானைமீது நிறுத்தி மணிக்கணக்கில் கம்பு சுற்றவைக்கிறார்கள். எதிரே ஆள் இல்லாத அந்தச் சுழற்சியில் சிலம்பமும் இல்லை, ஆன்மிகமும் இல்லை.

கடவுள் நம்பிக்கையோடு பயில விரும்புவோருக்கு மண்தரை உள்ள களரியையும், மூட்டு தாங்காத நடுவயதினருக்கு மென்மையாக நடத்தப்படும் ஐகிடோவையும் சொல்வேன். பிள்ளைகளுக்குச் சிலம்பமே என் தேர்வு. எதுவானாலும், பணம் கட்டுவதற்கு முன் ஒரு மாலை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். கம்பு தவறி இன்னொரு பிள்ளையின் விரலில் பட்டதும், அடித்த பிள்ளை கம்பைக் கீழே வைத்துவிட்டு அடிபட்ட பிள்ளையிடம் ஓடிப் போகிறதா, ஆட்டம் தொடர்வதற்காகக் காத்து நிற்கிறதா என்பதைக் கவனியுங்கள்.