வீட்டுக்கு ஒட்டி கல்யாண மண்டபம்: போலீஸா, மனுவா, ஓனர்கிட்ட பேச்சா?

எங்க காம்பவுண்டு சுவருக்கு அந்தப்பக்கம்தான் மண்டபத்தோட சமையக்கட்டு. முகூர்த்த நாள்னா விடிகாலை மூணரைக்கே அண்டாவ சிமெண்டு தரையில தரதரன்னு இழுப்பாங்க, எங்க மாமியார் திடுக்குனு எழுந்து உக்காந்துட்டா அப்புறம் தூக்கமே கிடையாது. எங்க தெருவுல மூணு வழியும் பாத்தாச்சு, அதான் எழுதுறேன்.

மொதல்ல போலீஸ். 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10-லேந்து காலைல 6 வரைக்கும் ஸ்பீக்கர், மேளம் எதுவும் கூடாது, மூடின ஹாலுக்குள்ளன்னா விலக்கு உண்டு. அப்போ தெருவுல மாப்பிள்ளை அழைப்புக்கு செண்டை மேளம் பத்து மணி தாண்டி அடிச்சா அது தப்புதான். போன் பண்ணா வர்றாங்க, சத்தம் குறையுது, வண்டி போனதும் திரும்ப ஏறுது. எனக்கு இதுல பெரிய வருத்தம் வேற, திட்டு வாங்குறது அன்னிக்கு பொண்ணு கட்டிக்குடுக்குற அப்பா, மண்டபத்துக்காரர் இல்ல. அடுத்த முகூர்த்தத்துக்கு வேற குடும்பம் வரும், நாம மறுபடி மொதல்லேந்து ஆரம்பிக்கணும்.

அடுத்தது எழுத்துல மனு. குடியிருப்பு பகுதிக்கு பகல்ல 55, ராத்திரி 45 டெசிபல்தான் அளவு, அதுக்கு மேல 10 டெசிபல் தாண்டினா புகார் குடுக்க விதியிலயே வழி இருக்கு. ஜெனரேட்டர் விஷயத்துல இது நல்லா எடுபட்டுது, ஏன்னா கூண்டுலேந்து ஒரு மீட்டர் தள்ளி 75 டெசிபல்னு தெளிவா ஒரு கணக்கு இருக்கு, அளந்து பாத்தா பேச்சே இல்ல. ஆனா கேஸ் வரைக்கும் போய் மண்டபத்துக்கு சீல் வைக்க சொல்லலாம்னு சிலர் சொன்னப்ப நான் ஒத்துக்கல, அங்க பாத்திரம் கழுவுற அக்காங்க நாலு பேரு எங்க பின் தெருதான்.

மூணாவது, ஓனர்கிட்ட உக்காந்து பேசுனது. சும்மா "பாத்துக்கறேன் சார்"னு வாயால சொன்னதெல்லாம் ரெண்டு முகூர்த்தம்கூட தாங்கல. புக்கிங் ஃபார்ம்லயே எழுத வச்சதுக்கு அப்புறம்தான் மாற்றம் வந்துச்சு: பத்து மணிக்கு மியூசிக் நிக்கணும், வெடி கூடாது, எச்சில் இலைய தெருமுனை தொட்டியில கொட்டக்கூடாது, மீறினா டெபாசிட்ல பிடிப்பு. காசு போகும்னதும் ஒன்பதே முக்காலுக்கு பொண்ணு வீட்டுக்காரங்களே போய் பாட்டுக்காரங்கள நிறுத்த சொல்றாங்க, நாங்க யாரையும் பகைச்சுக்க வேண்டியதில்ல. அண்டாவுக்கு அடியில சக்கரம் வச்ச பலகை வாங்கிப் போட்டாரு, அதுக்கு பெருசா செலவுகூட இல்ல, இத்தனை வருஷம் வாங்காததுக்கு யாரும் கேக்கலங்கறதுதான் காரணம்.

என்னைக் கேட்டா சத்தம், குப்பை ரெண்டுக்கும் இந்த மூணாவது வழிதான், ஆனா கையில மனுவோட காப்பி இருக்கணும், அது இல்லன்னா ஓனர் நம்மள உக்காரவே சொல்ல மாட்டாரு.

பார்க்கிங்குக்கு மட்டும் இது உதவல. ஐநூறு பேரு வர்ற விசேஷத்துல எவன் காரை எங்க நிறுத்துறான்னு ஓனராலயும் பிடிக்க முடியாது. போன தை மாசம் எதிர் வீட்டு தாத்தாவுக்கு மூச்சுத்திணறல், ஆம்புலன்ஸ் தெருவுக்குள்ள திரும்பவே முடியல, ஸ்ட்ரெச்சர்ல தெருமுனை வரைக்கும் நாங்க நாலு பேரு தூக்கிட்டு ஓடுனோம். அதுக்கு டிராஃபிக் போலீஸ்கிட்ட ஒரு பக்கம் நோ பார்க்கிங் போர்டு கேட்டு இருபத்தாறு வீட்டுக் கையெழுத்தோட மனு குடுத்திருக்கோம், அந்தக் கையெழுத்துல மண்டபத்து ஓனரோடதும் ஒண்ணு.